ஒரு பக்கம் ஓடி முடியும்வரை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1958 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் ஒரு வீட்டு முன்கூடம். வீட்டுக்காரரின் மகன் ரூடி வான் கெல்டர், கண் சோதித்துக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதித் தரும் தொழில் பார்த்தவர். மற்ற நேரத்தில் பெற்றோரின் அந்தக் கூடத்தையே ஒலிப்பதிவு அறையாக்கிவிடுவார். அன்று அங்கே ஐந்து பேர் கூடினார்கள். பியானோவில் 26 வயது சானி கிளார்க், ட்ரம்பெட்டில் ஆர்ட் ஃபார்மர், ஆல்டோ சாக்ஸபோனில் ஜாக்கி மெக்லீன், பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அன்று பதிவானவற்றில் நான்கு உருப்படிகள் தட்டில் இடம்பெற்றன. புளூ நோட் நிறுவனம் 1588 என்ற எண்ணிட்டு வெளியிட்ட அந்த இசைத்தட்டின் பெயர் 'கூல் ஸ்ட்ரட்டின்'. நியூயார்க் நடைபாதையில் குதிகால் செருப்போடு நடந்துபோகும் ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் அட்டைப்படம்.

அமெரிக்காவில் அது பெரிதாக விற்கவில்லை. கிளார்க் பென்சில்வேனியாவின் ஹெர்மினி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். போதைப் பழக்கத்தில் சிக்கி 1963 ஜனவரியில், 31 வயதில் நியூயார்க்கில் இறந்துபோனார். அதன்பின் சொந்த நாட்டிலேயே அவர் பெயரை நினைவில் வைத்திருந்தவர்கள் சக கலைஞர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய ரசிகர்களும்தான்.

ஜப்பானில் கதை வேறு. அங்கே ஜாஸ் கேட்கும் எவரிடமும் முதல் பத்துத் தட்டுகளைச் சொல்லச் சொன்னால் 'கூல் ஸ்ட்ரட்டின்' பெரும்பாலும் இடம்பெறும். 1990களுக்குப் பிந்தைய விற்பனைக் கணக்கில் மட்டும், அமெரிக்காவில் விற்றதைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஜப்பானில் விற்றிருக்கிறது. ஜப்பானின் மக்கள்தொகை அமெரிக்காவில் பாதிகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும்.

ஓர் இசைத்தட்டு பதிவான நாளிலேயே செவ்வியல் ஆகிவிடுவதில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, கருத்தை மாற்றிக்கொண்டு, மறுபடியும் கேட்கும் ஆட்கள்தான் அதைச் செவ்வியல் ஆக்குகிறார்கள். இந்த உரை அந்த ஆட்களைப் பற்றியது. அவர்களுக்கு இசை வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

ஜப்பானில் அவர்கள் கூடிய இடம் ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் காபிக்கடை. யோகோஹாமாவில் 1933-ல் மமோரு யோஷிதா தொடங்கிய 'சிகுசா' இவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. போர்க்காலத்தில் ஜாஸ் பகைவரின் இசை என்று தடைசெய்யப்பட்டது. 1945 மே மாத விமானத் தாக்குதலில் யோகோஹாமா எரிந்தபோது சிகுசாவும் அதிலிருந்த ஆயிரக்கணக்கான தட்டுகளும் சாம்பலாயின. போர் முடிந்ததும் யோஷிதா மறுபடி கடை திறந்தார்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் இசைத்தட்டை வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத காரியம். மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு ஒரே தட்டுக்குப் போய்விடும். வீடுகளோ சிறியவை, சுவர்கள் மெல்லியவை. கிஸ்ஸாவில் ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்காரலாம். வீட்டில் கனவுகூடக் காண முடியாத பெரிய ஒலிபெருக்கிகள் அங்கே இருக்கும். இப்படித்தான் ஒரு தலைமுறையே ஜாஸ் கேட்கக் கற்றது. இளம் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி சிகுசாவில் உட்கார்ந்து அமெரிக்கப் பியானோ கலைஞர் பட் பவலின் வாசிப்பைக் காதால் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். 1953-ல் டோக்கியோ வந்த பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்தார். 1956-ல் அகியோஷி பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வதனாபேயும் சிகுசாவில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்தான்.

கிஸ்ஸாவின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு சிறு சீட்டில் தனக்கு வேண்டிய தட்டின் பெயரை எழுதிக் கொடுப்பார். முறை வரும்போது உரிமையாளர் அலமாரியிலிருந்து அதை உருவி எடுத்து, தூசி துடைத்து, ஊசியை இறக்குவார். இப்போது ஓடுவது எது என்று எல்லோரும் பார்க்கும்படி அட்டையை ஒரு தாங்கியில் நிறுத்திவைப்பார். ஓடுவது ஒரு பக்கம் மட்டும். சுமார் இருபது நிமிடம். அதன்பின் அடுத்தவர் கேட்ட தட்டு வரும். மறுபக்கம் வேண்டுமானால் மறுபடி சீட்டு எழுத வேண்டும். பல கடைகளில் பேசவும் கூடாது. டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் மசாஹிரோ கோதோ 1967-ல் தொடங்கிய 'ஈகிள்' கடையில் மாலை ஆறு மணிவரை பேச்சு கிடையாது என்ற விதி நெடுங்காலமாக உண்டு.

பேசக்கூடாத இடத்தில் கருத்துப் பரிமாற்றம் எப்படி நடக்கும்? அங்கேதான் இதன் அழகு இருக்கிறது. வாயைத் திறக்காமலே வாதம் நடக்கும். ஒருவர் ஆர்ட் பிளேக்கி கேட்டால், அடுத்தவர் அதற்குப் பதிலாக மைல்ஸ் டேவிஸ் கேட்பார். ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டே அவருடைய கருத்து. வாய்ப்பேச்சு கடைக்கு வெளியே, தெருமுனையில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், இன்னொரு கடையில் பீர் கோப்பையோடு தொடரும். மார்கழிக் கச்சேரி முடிந்ததும் சபா கேன்டீனில் அடை அவியலோடு எழும் விமர்சனத்தைக் கேட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். ஒரு வேறுபாடு உண்டு. கச்சேரி அன்றோடு போய்விடும். தட்டு நாளைக்கும் அதேபடி ஓடும். நேற்று சொன்ன கருத்து சரிதானா என்று நாளைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம். இந்தச் சோதனை ஜாஸ் ரசிகனின் நேர்மையை வளர்த்தது.

ஒரு பக்கம்தான் ஓடும் என்ற விதி இன்னொன்றையும் செய்தது. முழுத் தட்டைப் பற்றிப் பேசுவதைவிட்டு, ஏ பக்கமா பி பக்கமா என்று ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்' 1956 ஜூன் 22 அன்று அதே ஹாக்கன்சாக் கூடத்தில் பதிவானது. அதன் ஏ பக்கத்தில் கரீபிய ஆட்டத் தாளத்தோடு குதித்து வரும் 'செயின்ட் தாமஸ்' இருக்கிறது. முதல்முறை கேட்பவர் அதிலேயே விழுந்துவிடுவார். பி பக்கத்தின் கடைசியில் பதினோரு நிமிடத்துக்கு மேல் நீளும் 'புளூ செவன்' இருக்கிறது. அதில் ராலின்ஸ் ஒரு சிறு சொற்கட்டைப் போன்ற துணுக்கை எடுத்து, உடைத்து, தலைகீழாக்கி, மனோதர்மம் முழுவதையும் அதிலிருந்தே விரித்தெடுக்கிறார். இரண்டுக்கும் ஆள் உண்டு. பி பக்கத்துக்கு நிற்பவர்கள் பொதுவாக அதிக நாள் கேட்டவர்கள்.

இந்த 'புளூ செவன்' பற்றி இசையமைப்பாளர் கன்தர் ஷுல்லர் 1958-ல் 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழில் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை ஜாஸ் விமர்சனத்தில் ஒரு திருப்பம். ஒரு மனோதர்ம வாசிப்பை எழுதிவைத்த இசைக்கு ஈடாக வைத்துச் சுரம் சுரமாகப் பகுத்துக் காட்டினார் ஷுல்லர். புகழ்ச்சிதான், ஆனால் அது ராலின்ஸைச் சங்கடப்படுத்தியது. தானாக வந்ததை ஒருவர் இப்படி விளக்கிவிட்டால் அடுத்த முறை வாசிக்கும்போது அந்த விளக்கம் குறுக்கே வந்து நிற்காதா? 1959-ல் அவர் மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியாக நின்று சாதகம் செய்தார். 1961 வரை திரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் பல. கட்டுரை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்பவரின் கருத்து வாசிப்பவரின் விரலைத் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேடக் கிடைக்காது.

கருத்து கொடுமையாகவும் மாறியது. பிரிட்டனில் பிறந்த விமர்சகர் லெனர்ட் ஃபெதர் 1946-ல் ஒரு பத்தி தொடங்கினார். ஒரு கலைஞரை உட்காரவைத்து, யார் வாசித்தது என்று சொல்லாமல் தட்டுகளைப் போட்டுக் காட்டி, கருத்துக் கேட்பார். பெயரின் பளு இல்லாமல் காது மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ட்ரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ், வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்று கேட்டே சொல்லிவிடுவதாக ஃபெதரிடம் பந்தயம் கட்டினார். 1951-ல் நடந்த சோதனையில் அவரால் சொல்ல முடியவில்லை. தோலின் நிறத்தை வைத்து இசையை அளந்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரு பாடம். ஆனால் 1964 ஜூனில் 'டவுன்பீட்' இதழில் இதே பத்திக்காக உட்கார்ந்த மைல்ஸ் டேவிஸ், சாக்ஸபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் வாசிப்பைக் கேட்டதும் அடுத்த முறை அவரைக் கண்டால் காலை மிதிக்கப் போவதாகச் சொன்னார். அதே மாதம் 29-ஆம் தேதி டால்ஃபி பெர்லினில் இறந்தார். வயது 36. அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் பதிவுசெய்திருந்த 'அவுட் டு லஞ்ச்' அவர் போன பிறகே கடைக்கு வந்தது. இன்று அது புளூ நோட்டின் தலைசிறந்த தட்டுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது அந்த மதிப்பில் ஒரு பகுதியாவது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

டால்ஃபியும் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்ததை 1961 நவம்பரில் 'டவுன்பீட்' விமர்சகர் ஜான் டைனன் ஜாஸுக்கு எதிரான இசை என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே இதழில் இருவரும் அமைதியாகப் பதில் சொன்னார்கள். மூன்று ஆண்டு கழிந்தது. 1965-ல் அதே 'டவுன்பீட்' தன் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, ஆண்டின் சிறந்த தட்டு கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. ஆண்டின் சிறந்த ஜாஸ் கலைஞர் கோல்ட்ரேன். புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டவரும் கோல்ட்ரேன். வாக்களித்தவர்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்கிய சாதாரண வாசகர்கள். விமர்சகர் ஒருமுறை கேட்டுவிட்டு மறுநாளுக்குள் எழுதியாக வேண்டும். ரசிகனுக்கு அந்த அவசரம் இல்லை. பிடிக்காத தட்டை அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். ஜாஸில் காலம் நின்ற தீர்ப்புகள் பல இந்த அவகாசத்தில் பிறந்தவை.

1966 ஜூலையில் கோல்ட்ரேன் ஜப்பான் போனார். அப்போது அவர் இசை மிகக் கடினமான கட்டத்தில் இருந்தது. சொந்த நாட்டில் கேட்பவர்கள் பலர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். டோக்கியோ கச்சேரிப் பதிவில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஒன்றே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுகிறது. நாகசாகியில் அணுகுண்டு நினைவிடத்தில் நின்று அவர் வணங்கினார். ஓராண்டு கழித்து இறந்துவிட்டார். அவருடைய பிற்காலத் தட்டுகள் ஜப்பானிய மாணவர் போராட்டக் காலத்தின் கிஸ்ஸாக்களில் இரவும் பகலும் சுழன்றன.

இனி 'கூல் ஸ்ட்ரட்டினு'க்கே வரலாம். ஜப்பானியர் இதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டார்கள்? முதல் காரணம் 1961 ஜனவரி. ஆர்ட் பிளேக்கியும் அவருடைய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவும் அப்போது ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தார்கள். வீடு வீடாக சோபா நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள்கூட அந்தக் குழுவின் 'மோனின்' மெட்டை முணுமுணுத்தபடி சைக்கிள் மிதித்தார்கள் என்று அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் சொல்வார்கள். புளூஸும் தேவாலயப் பாட்டும் கலந்த அந்தப் பாணிக்குக் காது பழகியவர்கள், அதே மணமுள்ள வேறு தட்டுகளைத் தேடினார்கள். கிளார்க் கிடைத்தார்.

இரண்டாவது காரணம் சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசைகளின் மேல் அங்குள்ள ரசிகர்களுக்கு இருக்கும் பிரியம். ஏ பக்கத்தின் இரண்டாவது உருப்படியான 'புளூ மைனர்' பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. பட் பவலின் 'கிளியோபாட்ராஸ் ட்ரீம்', மால் வால்ட்ரனின் 'லெஃப்ட் அலோன்' இரண்டும் பிறந்த நாட்டைவிட ஜப்பானில் பெயர்பெற்றவை. இரண்டும் மைனரில் அமைந்தவை. 'லெஃப்ட் அலோனி'ல் அழுவதும் 'கூல் ஸ்ட்ரட்டினி'ல் நடப்பதும் ஒரே ஜாக்கி மெக்லீனின் சாக்ஸபோன்தான்.

மெக்லீனைப் பற்றிய சண்டை ஓயாதது. அவருடைய சுருதி கொஞ்சம் ஏற்றம். எலுமிச்சைச் சாறு கண்ணில் தெறித்தது போலச் சுரீர் என்று வரும். அதை இசைப்பிழை என்று ஒதுக்கும் ரசிகர்கள் உண்டு. அந்த ஏற்றம் இல்லாவிட்டால் அது மெக்லீனே இல்லை என்பவர்களும் உண்டு. ஆர்ட் ஃபார்மரின் உருண்டையான, மென்மையான ட்ரம்பெட்டுக்குப் பின் மெக்லீன் நுழையும் கணத்தைக் கேட்டால் இரண்டாம் கட்சியில்தான் சேரத் தோன்றும். இருவரும் ஒரே மாதிரி இனிமையாக வாசித்திருந்தால் அந்தத் தட்டு எளிதில் தூங்கவைத்திருக்கும்.

சுருதி என்றதும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' நினைவுக்கு வராமல் இருக்காது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயார்க்கில் பதிவான தட்டு. ஜாஸ் கேட்காதவர் வீட்டிலும் இருக்கும் ஜாஸ் தட்டு. மார்ச் அமர்வில் முதன்மை நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை விரைந்தது. ஏ பக்கத்தின் மூன்று உருப்படிகளும் கால் சுரம் போல ஏறி ஒலித்தன. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்றவர்களுக்கு வாத்தியம் ஒட்டவில்லை. 1992-ல்தான், அன்று சரியாக ஓடிய இன்னொரு கருவியின் நாடாவிலிருந்து வேகத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். அதுவரை முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகமே அந்த 'சோ வாட்'டைக் கொஞ்சம் வேகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய அச்சில் பழகிய ரசிகர்களில் சிலருக்குத் திருத்திய பதிப்பு சற்றே தளர்ந்து தெரிகிறது. அவர்கள் சொல்வதைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் நேசித்த தட்டு அதுதான்.

ரசிகர்கள் கேட்பதோடு நின்றதும் இல்லை. புளூ நோட்டைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயன் முதலில் ஒரு ரசிகர். பெர்லின்காரர், 1925-ல், பதின்ம வயதில், அங்கே வந்த சாம் வூடிங் குழுவைக் கேட்டு ஜாஸில் மயங்கியவர். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஆல்பர்ட் அம்மன்ஸும் மீட் லக்ஸ் லூயிஸும் வாசித்ததைக் கேட்டார். இரண்டே வாரத்தில், 1939 ஜனவரி 6 அன்று, இருவரையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்துவிட்டார். நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து அவரோடு சேர்ந்தார்; அந்த நிறுவனத்தின் ஒளிப்படங்கள் பெரும்பாலும் வுல்ஃப் எடுத்தவை. பல ஆண்டுகள் கழித்து, 1975 முதல் புளூ நோட்டின் பழைய நாடாக்களைத் தோண்டி, வெளிவராத பதிவுகளை எடுத்துக் கொடுத்தவர் மைக்கேல் கஸ்கூனா. அவற்றில் சானி கிளார்க்கின் 'மை கன்செப்ஷன்' 1979-ல் முதலில் வெளியானது ஜப்பானில்தான். டீனா புரூக்ஸ் என்ற அருமையான டெனர் சாக்ஸபோன் கலைஞர் தலைமையேற்றுப் பதிவுசெய்தவற்றில் அவர் உயிரோடு இருந்தபோது வந்தது 'ட்ரூ புளூ' ஒன்றே. மற்றவை அவர் 1974-ல் இறந்த பிறகுதான் ரசிகர் கைக்கு வந்தன.

1986-ல், ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்தில் புளூ நோட் பெயரில் நடந்த விழாவுக்கு முதியவராகிவிட்ட லயன் போயிருந்தார். தன் தட்டுகளைத் தன்னைவிட நுணுக்கமாக அறிந்த ஒரு கூட்டத்தை அவர் நேரில் கண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.

கிளார்க்கின் பெயர் நியூயார்க்குக்கும் திரும்பி வந்தது. பின்னாளில் ஜப்பானில் நெடுநாள் வாழ்ந்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஸோர்ன், 1985-ல் சானி கிளார்க் நினைவு நால்வர் குழு என்றே பெயர் வைத்து, முழுக்க அவருடைய உருப்படிகளை வாசித்து 'வூடூ' என்ற தட்டைப் பதிவுசெய்தார். மிகப் புதுமையான இசைக்குப் பெயர்போன ஸோர்ன் இப்படிச் செய்தது அன்றைக்குப் பலருக்கு வியப்பு.

கடைசியாக, இந்த உரையும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 'கூல் ஸ்ட்ரட்டினி'ல் புகழெல்லாம் ஏ பக்கத்துக்கு. தலைப்பு உருப்படியின் அந்த நிதான நடை, அடுத்து 'புளூ மைனர்'. யாரும் மறுக்க முடியாது. இருந்தாலும் சானி கிளார்க் என்ற பியானோ கலைஞரை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பி பக்கம் கேட்க வேண்டும். முதலில் வருவது மைல்ஸ் டேவிஸ் இளைஞராக இருந்தபோது, 1947-ல், சார்லி பார்க்கரை வைத்துப் பதிவுசெய்த 'சிப்பின் அட் பெல்ஸ்'. பன்னிரண்டு அளவு புளூஸ்தான். ஆனால் உள்ளே நெளிவு சுளிவு அதிகம். கிளார்க் அதில் வலக்கையால் ஓட்டும் வரிகள் மூச்சுவிடாமல் நீண்டு, முடியும் என்று எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி இன்னொரு வளைவு எடுக்கும். அடுத்த 'டீப் நைட்' 1929-ல் அமெரிக்காவில் பிரபலமான பழைய காதல் பாட்டு. கிளார்க் அதன் ஏக்கத்தை விட்டுவிடாமல், விறுவிறுவென்று நடக்கவைக்கிறார். சோகமான மெட்டும் துள்ளும் நடையும் ஒரே கையில் எப்படிச் சேர்கின்றன என்று அங்கே கேட்கலாம். ஏ பக்கத்துக்கு நிற்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எதிர்வாதம் எடுப்பதற்கு முன் 'டீப் நைட்' பியானோ பகுதியை ஒருமுறையாவது, நடுவில் நிறுத்தாமல், கேட்டுவிட்டு வர வேண்டும்.